இலண்டன் தொழிற்கணத் தலைவரின் ஓராண்டு: சடங்கும் அதன் சமூக அடிப்படையும்

மத்திய கால ஐரோப்பிய நகரங்களின் பொருளாதார வாழ்வை உருவாக்கிய நிறுவனங்களுள் தொழிற்கணங்கள் தலையாயவை. ஒரே தொழிலைச் செய்தோர் ஒன்றுகூடி, அத்தொழிலிற் புகத்தக்கோர் யாவர், பயிற்சிக்காலம் எத்தனை ஆண்டு, பொருளின் தரம் எத்தகையது என்பவற்றைத் தாமே வகுத்துக்கொண்ட அமைப்புக்கள் அவை. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிக கணங்களைக் கல்வெட்டுக்கள் வாயிலாக அறிந்துள்ள தமிழ் வாசகருக்கு இத்தகைய அமைப்பு முற்றிலும் புதியதன்று. ஆயின், எமது வணிக கணங்கள் கல்வெட்டுக்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. இலண்டன் நகரிலோ நூற்றுக்கு மேற்பட்ட கணங்கள், ‘லிவரிக் கொம்பனிகள்’ என்னும் பெயருடன், இன்றும் மண்டபங்களும் சொத்துக்களும் சீருடைகளும் உடையனவாய் நிலைத்துள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் தனக்கென ஒரு தலைவரைத் தெரிந்தெடுக்கின்றது. அவரது பதவிக்காலம் ஓராண்டு.

இத்தலைவரின் கடமைகள் பெரும்பாலும் சடங்கு சார்ந்தவை. அங்கி அணிதல், ஊர்வலஞ் செல்லுதல், தேவாலய வழிபாட்டிற் பங்குபற்றுதல், விருந்துக்குத் தலைமை தாங்குதல், பயிலுநரைச் சேர்த்துக்கொள்ளுதல், கணம் பரிபாலிக்கும் பாடசாலைகளையும் முதியோர் இல்லங்களையும் பார்வையிடுதல் என அவ்வாண்டு கழிகின்றது. இவற்றை வெறும் பகட்டு என ஒதுக்குவோர் உளர். மரபின் அறாத் தொடர்ச்சி என மெச்சுவோரும் உளர். இவ்விரு நோக்குகளும் சடங்கின் வெளித்தோற்றத்துடன் நின்றுவிடுகின்றன. தலைவர் இன்று ஆற்றும் சடங்குகளுட் பெரும்பாலானவை, ஒரு காலத்தில் உழைப்பின் மீதும் சந்தையின் மீதும் நகராட்சியின் மீதும் கணம் செலுத்திய அதிகாரங்களின் எச்சங்களாகும். அவ்வதிகாரங்கள் யாருடைய கையில் இருந்தன, யாருக்கு மறுக்கப்பட்டன என்ற வினாவை எழுப்பும்போதே அச்சடங்குகளின் பொருள் தெளிவாகின்றது. இக்கட்டுரை அவ்வினாவை முன்வைத்துத் தலைவரின் ஓராண்டை ஆராய முயல்கின்றது.

1. கணத்தின் அமைப்பு

இலண்டன் கணங்களுட் பழைமை மிக்க அரச பட்டயத்தைப் பெற்றவர்கள் நெசவாளர்கள். இரண்டாம் ஹென்றி மன்னன் 1155இல் அதனை வழங்கினான். பதினான்காம் நூற்றாண்டில் பொற்கொல்லர், உரோமத்தோல் வணிகர், திராட்சமது வணிகர் முதலிய பல கணங்கள் பட்டயம் பெற்றன. முன்னவை இரண்டும் 1327இலும், மது வணிகர் கணம் 1363இலும் பட்டயம் பெற்றமை அறியத்தக்கது. கணங்களிடையே நிலவிய முதன்மைப் போட்டிக்கு முடிவு காணும் பொருட்டு 1515இல் நகர ஆட்சியாளர் 48 கணங்களை வரிசைப்படுத்தினர். அவ்வரிசையில் முதலிடங்களைப் பெற்ற 12 கணங்களே ‘பெரும் பன்னிரண்டு’ எனப்படுகின்றன. பட்டு முதலிய உயர்துணி வணிகர், பலசரக்கு வணிகர், துணி வணிகர், மீன் வணிகர், பொற்கொல்லர் ஆகியோரின் கணங்கள் இவற்றுள் முதல் ஐந்தாம். இப்பன்னிரண்டினுள் பெரும்பாலானவை கைவினைஞரின் கணங்களல்ல, வணிகரின் கணங்கள் என்பது கவனிக்கத்தக்கது. முதற் பட்டயம் பெற்ற நெசவாளர் இப்பன்னிரண்டில் இடம்பெறவில்லை. அவர்கள் நெய்த துணியை வாங்கி விற்றோர் இடம்பெற்றனர்.

கணத்தின் அடித்தளத்தில் இருந்தவன் பயிலுநன். வழக்கமாக ஏழாண்டுகள் ஆசானின் வீட்டில் உண்டு உறங்கி அவன் தொழில் பயின்றான். திருமணஞ் செய்யலாகாது, சூதாடலாகாது, மதுச்சாலை நாடலாகாது என்னும் நிபந்தனைகள் அவனது ஒப்பந்தத்தில் இடம்பெற்றன. ஒரே தோலில் இரு படிகள் எழுதி, இடையே பல்வரிசை போல வளைத்து வெட்டி, இரு தரப்பினரும் ஒவ்வொன்றை வைத்துக்கொள்வது அக்கால வழக்கம். பயிற்சி முடிந்தவன் கணத்தின் உறுப்பினனாகி, அதன் வழியாக நகரின் வாழுரிமையையும் பெற்றான். அவ்வுரிமையின்றி நகர எல்லைக்குட் சில்லறைக் கடை வைக்க இயலாது. இக்கட்டுப்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவிலேயே நீங்கிற்று. உறுப்பினருட் சிலரே கணத்தின் சீருடையை அணியும் தகுதி பெற்றனர். ‘லிவரி’ என்ற சொல் இச்சீருடையையே குறிக்கும். அவர்களுக்கு மேல் உதவியாளர் மன்று; அதற்கு மேல் காப்பாளர்கள்; உச்சியில் தலைவர்.

இங்கு ஒரு விடயம் மனங்கொள்ளற்பாலது. தந்தை உறுப்பினராயின் மகன், அத்தொழிலைப் பயிலாமலே, பிறப்புரிமையால் உறுப்பினனாகலாம். ஒரு கணத்தின் வழியாக நகர வாழுரிமை பெற்றவன் வேறெந்தத் தொழிலையும் செய்யலாம் என்பதும் இலண்டனின் வழக்காறாயிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்து, சில தலைமுறைகளுள் கணத்தின் பெயருக்கும் உறுப்பினரின் தொழிலுக்கும் இடையிலான தொடர்பைத் தளர்த்திவிட்டன. சேணம் செய்வோர் கணத்தின் தலைவர் சேணம் செய்யத் தெரிந்தவராயிருக்க வேண்டியதில்லை என்ற நிலை இவ்வாறு தோன்றியது. இது பிற்காலத்துச் சீரழிவன்று. அமைப்பினுள்ளே தொடக்கத்திலிருந்து பொதிந்திருந்த ஒன்றாகும்.

2. பதவியேற்பு

தலைவரின் ஆண்டு பெரும்பாலான கணங்களிற் கோடைகாலத்திலே தொடங்குகின்றது. தெரிவு உதவியாளர் மன்றுக்குள்ளேயே நடைபெறுகின்றது. கீழ்நிலைக் காப்பாளர், மேல்நிலைக் காப்பாளர் எனப் படிப்படியாக உயர்ந்தவரே தலைவராவது வழக்கம். ஆதலின், பெயர் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே அது யாருடையது என்பதை அனைவரும் அறிவர். ஆயினும் சடங்கு தவறாது நடைபெறும்.

உரோமத்தோல் வணிகர் கணம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அக்கணம் நற்கருணைத் திருவிழாவைக் கொண்டாடிய ஒரு சமயக் கூட்டுறவிலிருந்து வளர்ந்தது. இன்றும் அத்திருநாளிலேயே தலைவரைத் தெரிவு செய்கின்றது. தலைவருக்குரிய தொப்பியை ஒருவர் பின் ஒருவராகச் சிலர் தலையில் வைத்துப் பார்ப்பர், பொருந்தவில்லை என்பர். இறுதியில் தெரிவுசெய்யப்பட்டவரின் தலையில் அது பொருந்தும். 1605ஆம் ஆண்டைச் சேர்ந்த, சேவல் வடிவில் அமைந்த வெள்ளிக் கிண்ணங்களில் மது அருந்தி அத்தெரிவு உறுதிசெய்யப்படும். தச்சர் கணத்தில் தலைவருக்கு முடி சூட்டப்படுகின்றது; அம்முடி 1561ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தெரிவு முன்னரே தீர்மானமான ஒன்றாயிருக்க, தகுதியானவரைத் தேடிக் கண்டடைந்தது போன்ற தோற்றத்தை இச்சடங்குகள் உண்டாக்குகின்றன. ஒரு குழுவினுள் முடங்கிய அதிகாரத்தை அனைவரது இசைவாகவும் காட்டுவது சடங்கின் முதன்மையான பணிகளுள் ஒன்று என்பதை நாம் இங்குக் காண்கிறோம்.

மது வணிகர் கணத்தின் புதிய தலைவர் யூலை மாதத்திலே தம் மண்டபத்திலிருந்து அண்மையிலுள்ள புனித யாக்கோபு தேவாலயத்துக்கு ஊர்வலமாகச் செல்வார். ஊர்வலத்தின் முன்னே வெண்ணிற மேலாடை அணிந்த மதுச் சுமையாளர் ஒருவர் துடைப்பத்தால் வீதியைப் பெருக்கிச் செல்வார். தலைவரும் மற்றையோரும் மலர்ச் செண்டுகளை ஏந்தி வருவர். மத்திய காலத்து இலண்டன் வீதி சேறும் சாக்கடையும் நிறைந்தது. தலைவரின் கால் வழுக்காதிருக்கத் துடைப்பமும், நாற்றம் தாக்காதிருக்க மலரும் தேவைப்பட்டன. இன்று வீதி தூய்மையாக உள்ளது. எனினும், பெருக்குபவன் முன்னும் அங்கி அணிந்தோர் பின்னும் செல்லும் ஒழுங்கு மாறவில்லை. யார் எவ்விடத்தில் நிற்பது என்பதே அவ்வூர்வலம் கூறும் செய்தியாகும்.

3. சோதிக்கும் உரிமை

கணங்களின் அதிகாரங்களுள் மிக வலிமையானது சோதனை செய்யும் உரிமை. தலைவரும் காப்பாளரும் எந்நேரத்திலும் ஒரு கடைக்குள் நுழைந்து, பொருளைப் பார்வையிட்டு, தரங் குறைந்ததைப் பறிமுதல் செய்யலாம்; அழிக்கலாம்; தண்டம் விதிக்கலாம். நகர மன்றுகளும் இத்தகைய குற்றங்களைக் கடுமையாகத் தண்டித்தன. 1364இல் ஜோன் பென்றோஸ் என்னும் மது வணிகன் கெட்டுப்போன மதுவை விற்றான். அம்மதுவை அவனே குடிக்க வேண்டும், எஞ்சியதை அவன் தலையில் ஊற்ற வேண்டும், அத்தொழிலை அவன் கைவிட வேண்டும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

தலைவரின் இன்றைய சடங்குகள் பல இவ்வுரிமையின் சுவடுகளே. தையல் வணிகர் கணத்தின் வெள்ளி அளவுகோலை நோக்குக. பார்த்தலோமேயுச் சந்தை கூடும் ஓகஸ்ட் மாதத்தில் கணத்தின் அலுவலர் அதனுடன் சென்று, துணி வணிகர் பயன்படுத்திய கோல்களை அளந்து பார்த்தனர். அச்சந்தை 1855உடன் முடிவுற்றது, கோல் எஞ்சியது. வண்டிக்காரர் கணத்தின் தலைவர் ஆண்டுதோறும் யூலையில் ‘கில்ட்ஹோல்’ எனப்படும் நகர மண்டபத்தின் முற்றத்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் வாகனங்களிற் பொருத்திய மரப்பலகையிற் குறியிடுவார். நகரில் ஓடக்கூடிய வண்டிகளின் தொகை வரையறுக்கப்பட்டிருந்த காலத்தில், குறியில்லாத வண்டி வீதிக்கு வர இயலாது. இன்று அக்குறி எவரையும் தடுப்பதில்லை.

தேம்ஸ் நதியில் யூலை மூன்றாம் வாரம் நடைபெறும் அன்னக் கணக்கெடுப்பும் இத்தகையதே. பதினைந்தாம் நூற்றாண்டில் மது வணிகர் கணமும் சாயத் தொழிலாளர் கணமும் அந்நதியின் அன்னங்களிற் பங்கு பெற்றன. அக்காலத்தில் அன்னம் பெருவிருந்துக்குரிய உணவு. சாயத் தொழிலாளர் அன்னத்தின் அலகில் ஒரு வெட்டும், மது வணிகர் இரு வெட்டும் இட்டுத் தம் உடைமையை அடையாளப்படுத்தினர். இன்று குஞ்சுகளை எண்ணி, நிறுத்து, காயமுற்றவற்றுக்குச் சிகிச்சை அளித்துவிடுகின்றனர். உடைமைச் சடங்காயிருந்தது உயிரினப் பாதுகாப்புப் பணியாக மாறியமை, சடங்கு புதிய பயனைத் தாங்கவல்லது என்பதற்குச் சான்றாகும்.

இவ்வரிசையில் பொற்கொல்லர் கணம் தனித்து நிற்கின்றது. 1300ஆம் ஆண்டின் சட்டம் வெள்ளிப் பொருள்களைச் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இடும்படி காப்பாளரைப் பணித்தது. 1478 முதல் பொருள்கள் கணத்தின் மண்டபத்துக்கே கொண்டுவரப்பட்டுச் சோதிக்கப்பட்டன. ‘மண்டபக் குறி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இதிலிருந்தே பிறந்தது. 1973ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழும் அப்பணி தொடர்கின்றது. அரச நாணயங்களின் மாதிரிகளைச் சோதிக்கும் ‘பிக்ஸ் விசாரணை’யும் அக்கணத்தின் மண்டபத்திலேயே ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. கணத்தின் உறுப்பினர் யூரிகளாகச் சத்தியஞ் செய்து, நாணயங்களை எண்ணி, நிறுத்து, அவற்றின் உலோகத்தைச் சோதித்து, தீர்ப்பளிப்பர். நாணயசாலையின் தலைவர் என்னும் பதவியை வகிப்பவர் நிதி அமைச்சரே ஆதலால், உண்மையில் அங்கு விசாரிக்கப்படுபவர் அவரே எனலாம். இங்கும் அங்கிகள் உண்டு, விருந்து உண்டு. ஆயினும், சோதனை சோதனையாகவே இருப்பதால் சடங்கு உயிருடன் விளங்குகின்றது. நாணயம் பிழைத்தால் அத்தீர்ப்பு அதனைக் கூறியே ஆகவேண்டும்.

4. நகராட்சியும் கணமும்

இலண்டன் நகரின் முதல் மாநகர முதல்வர் 1189 அளவிற் பதவியேற்றார். பதினைந்தாம் நூற்றாண்டு முதல் அம்முதல்வரைத் தெரிவுசெய்வதிற் பங்குகொள்ளும் உரிமை கணங்களின் சீருடையாளரிடம் இருந்து வருகின்றது. யூன் 24இல் கூடும் பேரவையிலே நகரின் ஷெரிப்மார் தெரிவாவர். செப்டெம்பர் 29இல் கூடும் பேரவையிலே முதல்வர் தெரிவாவார். கணத் தலைவர்கள் தத்தம் அங்கியுடன் அவ்வவைகளுக்குச் செல்வது அவர்தம் ஆண்டின் முக்கிய கடமைகளுள் ஒன்று.

நவம்பரில் முதல்வரின் பதவியேற்புக்காகக் ‘கில்ட்ஹோலில்’ நடைபெறும் நிகழ்ச்சி ‘மௌனச் சடங்கு’ எனப்படுகின்றது. புதிய முதல்வரின் உறுதிமொழியைத் தவிர வேறு சொல் எதுவும் அங்கு ஒலிப்பதில்லை. வாளும் செங்கோலும் முத்திரையும் கைமாறுகின்றன. மறுநாள் ஊர்வலம். 1215இல் ஜோன் மன்னன் வழங்கிய பட்டயம், ஆண்டுதோறும் தம் முதல்வரைத் தாமே தெரிவுசெய்யும் உரிமையை நகரத்தாருக்கு அளித்தது. தெரிவானவர் மன்னன் முன் சென்று விசுவாசப் பிரமாணஞ் செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்பயணமே பிற்காலத்திற் பெரும் ஊர்வலமாக வளர்ந்தது. 1959 முதல் அது நவம்பர் இரண்டாம் சனிக்கிழமையில் நடைபெறுகின்றது. நிலமானிய ஆட்சியின் நடுவே தன்னாட்சி பெற்ற ஒரு வணிக வர்க்கம், தன் உரிமையை ஆண்டுக்கொருமுறை வீதியில் நடந்து காட்டியது என இதனை விளங்கிக்கொள்ளலாம்.

5. சாவும் விருந்தும் தருமமும்

கணங்கள் தொடக்கத்தில் சமயக் கூட்டுறவுகளாகவும் விளங்கின. உறுப்பினன் ஒருவன் இறந்தால், மற்றையோர் சீருடை அணிந்து அவனது உடலைப் பின்தொடர வேண்டும். தவறினோர் தண்டம் இறுக்க வேண்டும். பிரேதத்தின் மேல் விரிப்பதற்குப் பொன்னிழை வேலைப்பாடு கொண்ட கணத்தின் போர்வை வழங்கப்பட்டது. மீன் வணிகர், சேணம் செய்வோர் ஆகியோரின் கணங்கள் அத்தகைய போர்வைகளை இன்றும் பேணி வருகின்றன. வறியவனாய் இறந்தவனும் ஒரு நாளேனும் பட்டின் கீழ்க் கிடந்தான். கைம்பெண்ணுக்கும் அநாதைகளுக்கும் கணத்தின் பெட்டியிலிருந்து உதவி கிடைத்தது. அரசு எவ்விதக் காப்பும் அளிக்காத காலத்தில் இவ்வுதவியின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது.

கணத் தலைவரின் விருந்துகளும் இப்பின்னணியிலேயே நோக்கற்பாலன. இருகைப்பிடிக் கிண்ணம் மேசையைச் சுற்றி வரும்போது, ஒருவர் அருந்த, எதிரே நிற்பவர் மூடியைத் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் அருந்துபவருக்கு முதுகு காட்டி நின்று காவல் புரிவார். 978இல் எட்வேர்ட் மன்னன் மது அருந்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டதிலிருந்து இவ்வழக்கம் தோன்றியது என்பது மரபுவழிக் கதை. கதை எவ்வாறாயினும், போட்டியாளர்களாகிய வணிகர் ஒருவரை ஒருவர் நம்பிப் பழகுவதற்கு இச்சடங்கு ஒரு பயிற்சியாயிற்று. ஆயின், நம்பிக்கை ஒருவகையிற் சதியாகவும் அமையலாம். ஒரே தொழிலைச் செய்வோர் கேளிக்கைக்காகக் கூடினாலும் பேச்சு விலையை உயர்த்துவதில் முடியும் என்று 1776இல் அடம் சிமித் எச்சரித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

தருமம் கணங்களின் மற்றொரு முகம். நான்கு முறை முதல்வர் பதவி வகித்த றிச்சட் விற்றிங்டன் 1423இல் இறந்தபோது விட்டுச்சென்ற செல்வத்தால் நிறுவப்பட்ட முதியோர் இல்லத்தை உயர்துணி வணிகர் கணம் இன்றும் பரிபாலிக்கின்றது. ஜோன் கொலெற் 1509இல் நிறுவிய புனித பவுல் பாடசாலையும் மதகுருமாரிடமன்றி அக்கணத்திடமே ஒப்படைக்கப்பட்டது. 1943 மார்ச்சில், போரின் அழிவுகளுக்கிடையே, கணங்கள் யாவும் புனித பவுல் பேராலயத்தில் முதன்முறையாக ஒன்றுகூடி வழிபட்டன. அவ்வழிபாடும் இன்று தலைவரின் ஆண்டு நாட்காட்டியில் ஒரு கடமையாகிவிட்டது.

இவ்விருந்துகளுக்கும் ஊர்வலங்களுக்கும் ஆன செலவிற் பெரும்பங்கைப் பதவியாளர்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர். பதவியை ஏற்க மறுத்தோர் தண்டம் இறுத்தனர். ஆகவே, வறிய கைவினைஞன் எவ்வளவு திறன் படைத்தவனாயினும் தலைமைக்கு வர இயலவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சோசர் தமது கன்ரபரிக் கதைகளின் முகவுரையில், ஒரே கணச் சீருடை அணிந்த ஐந்து தொழிலாளரை அறிமுகப்படுத்தி, ஒவ்வொருவரும் நகரப் பெருமகனாகும் கனவுடன் இருந்ததையும், மனைவியர் ‘சீமாட்டி’ என அழைக்கப்பட விரும்பியதையும் எள்ளலுடன் சித்திரிக்கின்றார். கைம்பெண்கள் கணவனின் தொழிலைத் தொடரலாம், பயிலுநரையும் வைத்திருக்கலாம், ஆயின் மன்றில் அமர அவர்களுக்கு இடமிருக்கவில்லை. மேரி டொனால்ட்சன் இலண்டனின் முதற் பெண் முதல்வராகப் பதவியேற்றது 1983இலேயே என்பது இவ்விலக்கலின் நீட்சியைக் காட்டும்.

6. வினைஞருக்கு மறுக்கப்பட்ட சடங்கு

இதுவரை நோக்கியவை எசமானரின் சடங்குகள். பயிற்சியை முடித்தும் சொந்தப் பட்டறை அமைக்கப் பொருளின்றிக் கூலிக்கு உழைத்த வினைஞரும் தமக்கெனச் சடங்குகளை வகுத்துக்கொள்ள முனைந்தனர் என்பது கணங்களின் வரலாற்றில் மிக முக்கியமானதொரு பகுதியாகும்.

1387இல் சப்பாத்துத் தொழில் வினைஞர் துறவிகளின் மடமொன்றிற் கூடித் தமக்கென ஒரு சமயக் கூட்டுறவை நிறுவ முயன்றனர். நகர ஆட்சியாளர் அவர்களுட் சிலரைச் சிறையிலிட்டனர். 1396இல் சேணம் செய்யும் வினைஞர் மீது எசமானர் முறையிட்டனர். வினைஞர் தமக்கெனச் சீருடை அணிகின்றனர். வழிபாட்டுக்கு ஒன்றாகச் செல்கின்றனர். இறந்த தோழருக்காகக் கூட வேண்டும் எனத் தம் ஏவலாளனை அனுப்பி அழைத்து, வேலையை இடையில் விட்டுச் செல்கின்றனர். பக்தி என்னும் போர்வையில் கூலியைப் பன்மடங்கு உயர்த்திவிட்டனர் என்பன குற்றச்சாட்டுக்கள். வினைஞர் தனிக் கூட்டுறவு எதையும் வைத்திருக்கலாகாது, எசமானரின் ஆட்சியின் கீழேயே இருக்க வேண்டும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

இத்தீர்ப்பை எசமானரின் சடங்குகளுடன் ஒப்பிடுக. சீருடை, ஊர்வலம், பிரேதத்தைப் பின்தொடர்தல், ஏவலாளன் வழி அழைப்பு என்பன இருசாராருக்கும் பொதுவானவை. எசமானர் செய்யும்போது அவை மரபாயின. வினைஞர் செய்யும்போது சதியாயின. எசமானர் சடங்கின் பின்னால் விலையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் இருந்ததை நன்கறிந்திருந்தமையால்தான், வினைஞரின் சடங்கின் பின்னால் கூலியைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் இருந்ததையும் உடனே இனங்கண்டனர் எனலாம். 1848இல் வெளிவந்த பொதுவுடைமை அறிக்கை, வரலாற்றின் முரண்பட்ட வர்க்கங்களை எண்ணுமிடத்துக் கண எசமானனையும் வினைஞனையும் எதிரெதிரே நிறுத்துவது இதனாலேயே.

இங்கு ஆய்வாளரிடையே நிகழ்ந்த ஒரு விவாதத்தைச் சுட்டுவது பொருத்தமாகும். 1870இல் ஜேர்மனிய அறிஞர் லூயோ பிரென்ரானோ, தொழிற்சங்கங்கள் பழைய தொழிற்கணங்களின் வழித்தோன்றல்கள் என வாதித்தார். 1894இல் சிட்னி, பியற்றிஸ் வெப் தம்பதியினர் இதனை மறுத்தனர். கணம் உற்பத்திச் சாதனங்களை உடைய எசமானரின் அமைப்பு என்பதும், சங்கம் அவற்றை இழந்த கூலியாளரின் அமைப்பு என்பதும் அவர்களது நிலைப்பாட்டின் சாரம். நாம் வெப் தம்பதியினரின் கருத்தையே ஏற்கின்றோம். ஆயினும், 1387இலும் 1396இலும் ஒடுக்கப்பட்ட வினைஞர் கூட்டுறவுகளை மனங்கொண்டால், கணத்தின் சடங்கு மொழி எசமானருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

7. தொழில் நீங்க, முதல் எஞ்சுதல்

ஒரு எசமானன் எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கலாம் என்பதைக் கண விதிகள் வரையறுத்தன. எசமானன் முதலாளியாக மாறுவதை இவ்விதிகள் தடுத்து நின்றன என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்திற் காட்டியுள்ளார். ஆனால், பட்டறையிற் கட்டுண்டிருந்த முதல் வாணிபத்தின் வழியே வெளியேறியது. மிளகு வணிகர் கூட்டுறவிலிருந்து வளர்ந்த பலசரக்கு வணிகர் கணத்தின் சின்னத்தில் கராம்பும், பொதி சுமக்கும் ஒட்டகமும் இடம்பெறுகின்றன. தென்னிந்தியக் கரையின் மிளகு அலெக்சாந்திரியா, வெனிஸ் வழியாக இலண்டனை அடைந்த காலத்தின் நினைவு அது. அவ்வழியைத் தவிர்த்துக் கடல்வழியே நேரிற் செல்ல விரும்பிய இலண்டன் வணிகர் 1599 செப்டெம்பரில் ஒன்றுகூடி ஆலோசித்தது, வெண்கல வார்ப்பாளர் கணத்தின் மண்டபத்திலேயாகும். அடுத்த ஆண்டு கிழக்கிந்தியக் கொம்பனி அரச பட்டயம் பெற்றது.

அயர்லாந்தில் நிகழ்ந்தது இதனினும் வெளிப்படையானது. 1609 முதல் அரசு அல்ஸ்ரர் பிரதேசக் குடியேற்றத்துக்கு இலண்டன் கணங்களின் பணத்தை நாடியது. கணங்கள் முதலில் தயங்கின. வரி போன்று அவற்றிடம் பணம் அறவிடப்பட்டது. ஈற்றில் டெறிப் பகுதியின் நிலம் பெரும் பன்னிரண்டு கணங்களுக்கும் பங்கிடப்பட்டது. அயர்லாந்து மக்களின் நிலம், மீன் வணிகரும் துணி வணிகரும் உரோமத்தோல் வணிகரும் வாரம் பெறும் தோட்டங்களாயிற்று. 1613இல் டெறி நகரின் பெயரே இலண்டன்டெறி என மாற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்நிலங்களுட் பெரும்பாலானவை விற்கப்பட்டன. ஊர்வலத்தில் மலர்ச் செண்டு ஏந்திச் சென்ற தலைவர், வேறொரு மக்களின் மண்ணில் நிலப்பிரபுவாகவும் இருந்தார் என்பதைச் சடங்கு பற்றிய நூல்கள் பல எளிதிற் கடந்துவிடுகின்றன.

1666இன் பெருந்தீ கண மண்டபங்களுட் பெரும்பாலானவற்றை எரித்தது. ஏழாண்டுப் பயிற்சியை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிய 1563ஆம் ஆண்டுச் சட்டத்தின் அவ்வேற்பாடு 1814இல் நீக்கப்பட்டது. தொழிலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இவ்வாறு அகன்றபின், நகரின் நடுவே பெறுமதி உயர்ந்துகொண்டிருந்த நிலங்கள் மாத்திரம் கணங்களிடம் எஞ்சின. இச்செல்வம் யாருக்குரியது என்ற வினா எழுந்தது. 1880இல் ஓர் அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டு 1884இல் அறிக்கை சமர்ப்பித்தது. ஆயின் அதையொட்டிச் சட்டம் எதுவும் நிறைவேறவில்லை. இவ்விமரிசனம் வலுப்பெற்று வந்த சூழலிலேயே, 1878இல் நகர ஆட்சிமன்றமும் 16 கணங்களும் இணைந்து ‘சிற்றி அன்ட் கில்ட்ஸ்’ தொழிற்கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தன. இலங்கையின் தொழினுட்பக் கல்லூரிகளிற் பயின்ற எத்தனையோ இளைஞர் அந்நிறுவனத்தின் பரீட்சைகளுக்குத் தோற்றிச் சான்றிதழ் பெற்றுள்ளனர். அச்சான்றிதழின் பெயரிலுள்ள ‘கில்ட்ஸ்’ என்னும் சொல் குறிப்பது இக்கணங்களையே. ஆயத்தொழிலின் இரகசியத்தை ஏழாண்டு பூட்டி வைத்த அமைப்புக்கள், பொதுப் பரீட்சை மூலம் அதனை உலகெங்கும் திறந்துவிட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

8. முடிவுரை

தொழிற்கணங்களை இலட்சிய வடிவிற் காணும் நோக்கு எமக்கும் அந்நியமானதன்று. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வெளியிட்டார். அதன் அயலிலேயே சி. ஆர். ஆஷ்பீ நடத்திய கைவினைக் கணம் இயங்கி வந்தது. 1909இல் வெளிவந்த குமாரசுவாமியின் ‘இந்தியக் கைவினைஞன்’ என்னும் நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் ஆஷ்பீயே. உழைப்பும் அழகும் வழிபாடும் பிரியாதிருந்த ஓர் உலகைக் கணங்களில் அவர்கள் கண்டனர். இயந்திர உற்பத்தி மனிதனைச் சிதைத்தது பற்றிய அவர்களது கண்டனம் ஆழமானது. ஆனால் 1888இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் உண்மையான கைவினைஞருடன் தொடங்கிய ஆஷ்பீயின் கணம், இயந்திரப் பொருளின் மலிவுக்கு ஈடுகொடுக்க இயலாது 1908இல் கலைந்தது. அதே வேளை, கைவினையை எப்போதோ கைவிட்டிருந்த இலண்டன் கணங்கள் தம் மண்டபங்களில் விருந்தயர்ந்து கொண்டிருந்தன. உழைப்பு இருந்த கணத்திடம் முதல் இருக்கவில்லை; முதல் இருந்த கணங்களிடம் உழைப்பு இருக்கவில்லை. முதலாளித்துவச் சமூகத்தில் எது நிலைத்தது என்பதை இவ்வொப்பீடு தெளிவாகக் காட்டுகின்றது.

ஆகவே, தலைவரின் ஓராண்டுச் சடங்குகளை ஒரே தட்டில் வைத்து மதிப்பிடுவது பொருந்தாது. நாணயத்தையும் வெள்ளியையும் இன்றும் உண்மையாகவே சோதிக்கும் சடங்கு, முதியோரை உண்மையாகவே பேணும் சடங்கு, எவரையும் கட்டுப்படுத்தாத வண்டிக்குறி, முன்னரே முடிவான தெரிவுக்கு அணியும் தொப்பி ஆகியன ஒரே அங்கியின் கீழ் நடைபெறினும் ஒரே தன்மையன அல்ல. 1992இல் கணினித் தொழினுட்பவியலாளர் நூறாவது கணமாகச் சீருடை பெற்றனர் என்பது, புதிய தொழில்களும் இவ்வமைப்பை நாடுவதைக் காட்டுகின்றது. அவர்களும் கூடுகின்றனர், ஊர்வலஞ் செல்கின்றனர், தலைவருக்கு அங்கி அணிவிக்கின்றனர். அத்தொழிலில் நாட்கூலிக்கோ மாதச் சம்பளத்துக்கோ உழைப்போருக்கு அம்மண்டபத்தில் எவ்வித இடமுண்டு என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. 1396இல் சேணம் செய்யும் வினைஞர் அதனை ஒருமுறை கேட்டனர். அன்று கிடைத்த விடையை நகர மன்றின் ஏடுகள் பதிந்து வைத்துள்ளன.